கொக்கைப் பிடிக்கும் கணக்கு

பிப்ரவரி 10

அன்புள்ள கொக்குக்கு,

சனிக்கிழமையிலிருந்து உனக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். உன் அண்ணன் போனிலிருந்து அடித்தாலும் பேசப்போவது நான்தான் என்று எப்படியோ கண்டுபிடித்துப் போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் முதலில் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் நீ வீட்டுக்கு வருவாய் என்று அத்தை உன் கட்டிலை விரித்து வைத்திருந்தார். உன் கால் வெளியே நீட்டிக்கொள்ளுமே என்று கட்டிலின் முனையில் ஒரு ஸ்டூலையும் போட்டு, அதன் மேல் தலையணையும் வைத்திருந்தார். நீயோ உங்கள் துறைமுக அணியோடு பஸ் ஏறிப் போய்விட்டாய். அந்த ஸ்டூல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நான் இடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எடுக்காமல் வைத்திருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அன்றிலிருந்து என்னிடம் அவர் பேசுவதெல்லாம் "குக்கர் விசில் வந்துடுச்சு", "பால்காரர் வந்தாரு" என்ற அளவில்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண்களின் பயிற்சியாளராக உன்னைப் பிடிக்கச் சொன்னது நான்தான். மூன்றாம் கால்பகுதியில் உங்கள் அணி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கூடைக்குக் கீழே பந்து உன் கைக்கு வந்துவிட்டால் எங்கள் பெண்களால் எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. நீ எறிவதற்குள் கையைப் பிடித்து ஃபவுல் செய்தால், நீ கோட்டில் தனியாக நின்று இரண்டு ஃப்ரீ த்ரோ போட வேண்டும். கூடைக்குக் கீழே நீ மலை. கோட்டில் நின்றால் நீ யார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஃபவுல் செய்கிறவள் ஐந்தாவது ஃபவுலில் வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் பெண்ணை அனுப்பினேன். நாங்கள் ஜெயித்தோம். விதிக்குள்தான் எல்லாம் நடந்தது.

நான் மின் அலுவலகத்தில் மீட்டர் சோதிக்கிறவள். எந்த மீட்டர் எங்கே தப்பாக ஓடுகிறதோ அங்கேதான் என் கை போகும். வேறு எந்த அணியின் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். நீ என்பதற்காகச் செய்யாமல் விட்டிருந்தால், அந்த அணியை நடத்தும் வேலைக்கு நான் லாயக்கில்லை.

இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ சாப்பிடாமல் பஸ் ஏறினாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இரண்டும் உண்மை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அண்ணி

—

பிப்ரவரி 17

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பிடித்ததற்காக எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறீர்கள். அண்ணி, நான் பள்ளிக்கூடத்திலிருந்து இந்த ஆட்டம் ஆடுகிறேன். ஃப்ரீ த்ரோ வராதவளைப் பிடித்துக் கோட்டுக்கு அனுப்புவது ஊர் உலகத்தில் இல்லாத தந்திரமா? நானே செய்திருக்கிறேன். அதிலும் உங்கள் டைப்பிஸ்ட் பெண்ணை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. என் கையைப் பிடிப்பதற்கு முன்னாலேயே "ஸாரிக்கா" என்று சொல்லிவிடும். நடுவரின் விசில் வருவதற்குள் மன்னிப்பு வந்துவிடும். நாலாவது தடவை "ஸாரிக்கா, வலிச்சுதா?" என்று கேட்டது. "உங்க அண்ணி உன்னை நல்லாத்தான் வளர்த்திருக்காங்க" என்றேன். யாருக்கு யார் அண்ணி என்று குழம்பி நின்றது, பாவம்.

என் கோபம் வேறு. அன்று அந்த அரங்கம் எப்படி இரைந்துகொண்டிருந்தது. கைத்தட்டல், தகர டப்பா, விசில், எல்லாம். நான் கோட்டில் போய் நின்றதும் அத்தனையும் நின்றது. முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை பார்த்தேன். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும். கை ஓங்கினால் என் மூச்சு எனக்கே கேட்டது.

எனக்கு அமைதி ஆகாது என்பது இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். மொட்டை மாடியில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே உங்களிடம் சொன்னேன். பள்ளிக்கூட நாடகத்தில் என்னை மரமாக நிற்க வைத்தார்கள், நெட்டையாக இருக்கிறேன் என்பதற்காக. திரை விலகியதும் எல்லோரும் பேச்சை நிறுத்தி என்னையே பார்த்தார்கள். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து கூட்டம் சத்தம் போட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது, அமைதியாகப் பார்த்தால் என் கைகள் வேறு யாருடைய கைகளோ போல ஆகிவிடும் என்றேன். நீங்கள் துணியைக் கொடியில் போட்டுவிட்டு என் தலையைத் தடவிக் கொடுத்தீர்கள். என் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

போட்டதில் பாதிகூட விழவில்லை. அது போகட்டும். கோர்ட்டில் பார்த்ததை வைத்து என்னை மடக்கினால் அது ஆட்டம். மாடியில் கேட்டதை வைத்து மடக்கினால் அதற்கு என்ன பெயர்?

அமைதியாக இருக்கச் சொன்னது நீங்கள்தானா? இதற்கு மட்டும் பதில் போதும்.

அண்ணனை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். லிஃப்ட் ரிப்பேருக்கென்று குழிக்குள் இறங்கினால் அவனுக்கு நேரம் காலம் தெரியாது.

கொக்கு

—

பிப்ரவரி 24

அன்புள்ள கொக்குக்கு,

உன் கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு மீட்டர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஏன் என்று கேட்காதே.

நீ ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கேட்டாய். அந்த ஒன்றுக்குத்தான் என்னால் பதில் எழுத முடியவில்லை. மாடியில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. இதற்கு மேல் என்னிடம் கேட்டால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நீ என்ன நினைக்கிறாயோ நினைத்துக்கொள்.

இப்படி எழுதினால் உனக்கு இன்னும் கோபம் வரும் என்று தெரியும். இந்த ஒரு பாராவுக்காகவே மூன்று தாளைக் கிழித்தேன்.

டைப்பிஸ்ட் பெண் உன்னை விசாரித்தாள். "அக்காவோட கை சிவந்துபோச்சு மேடம், அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள். அந்தப் பெண் இந்தப் பருவம் முழுவதும் கோர்ட்டில் இறங்கியது அன்று ஒருநாள்தான். அவள் வீட்டில் எல்லோரும் பார்க்க வந்திருந்தார்களாம். உன்னைப் பிடித்ததைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை, ஆனாலும் அவள் அப்பா புகைப்படம் எடுத்துச் சட்டம் போட்டுவிட்டார். படத்தில் பாதி நீ.

அத்தை ஸ்டூலை எடுத்துவிட்டார். தலையணையை மட்டும் எடுக்கவில்லை.

அண்ணி

—

மார்ச் 10

அண்ணிக்கு,

ஒன்றும் சொல்வதற்கில்லை என்றால் செய்தீர்கள் என்றுதானே அர்த்தம்? சரி. இல்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். அவ்வளவு சுலபமாக உங்களை நம்பிப் பழக்கம்.

இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வேறு யாரிடம் சொல்வது என்று யோசித்தால் யாரும் இல்லை. கோபித்துக்கொள்ளவும் நீங்கள்தான், சொல்லி அழவும் நீங்கள்தான் என்றால் நான் எங்கே போவேன்?

உங்கள் தந்திரம் ஊர் ஊராகப் பரவிவிட்டது. நெட்டையைப் பிடி, கோட்டுக்கு அனுப்பு. எங்களோடு ஆடுகிற எல்லா அணியும் இப்போது அதையே செய்கிறது. பெஞ்சில் இருக்கும் இரண்டு பேரை என்னைப் பிடிப்பதற்கென்றே கொண்டுவருகிறார்கள். அவர்கள் யாரும் ஸாரி சொல்வதில்லை. போன வாரம் ஒருத்தி நகத்தால் கீறிவிட்டாள். எங்கள் பயிற்சியாளர் மேஜர் (பட்டாளத்தில் இருந்தவர் இல்லை, மீசைக்காக வைத்த பெயர்) என்ன செய்கிறார் தெரியுமா? ஆட்டம் இறுகும்போது என்னை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார். "தப்பா நினைக்காதேம்மா, கடைசி நேரத்துல நீ உள்ளே இருந்தா நமக்குத்தான் நஷ்டம்" என்கிறார். அவர் சொல்வது சரிதான். அதுதான் கொடுமை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, என்னைவிட ஒரு முழம் குட்டையானவள் என் இடத்தில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னுடைய கிடங்கு வேலை இன்னும் தற்காலிகம்தான். அணியில் நிலைத்து நின்றால் நிரந்தரம் ஆக்குவார்கள். இந்தப் பருவம் முடிந்ததும் மேஜர் பரிந்துரை எழுத வேண்டும். கடைசி நேரத்தில் பெஞ்சில் உட்காருகிறவளுக்கு என்னவென்று எழுதுவார்? நல்ல உயரம், கூரையில் ஒட்டடை அடிக்க உதவும் என்றா?

அம்மாவிடம் சொல்லாதீர்கள். அண்ணனிடமும்.

கொக்கு

—

மார்ச் 15

என் கொக்கு,

வேலை விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உனக்கு எப்போதோ நிரந்தரம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீதான் அத்தையிடம் அப்படிச் சொல்லி வைத்திருந்தாய். அவரும் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டார்.

நேற்று முழுவதும் மேசையில் மீட்டரை வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர், "மேடம், கரண்ட்டே குடுக்கலையே" என்றார். அப்போதுதான் ஸ்விட்சைப் போடவில்லை என்று தெரிந்தது.

நீயும் நாங்களும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிடுவோம் போலத்தான் தெரிகிறது. வந்தால், உன்னைப் பிடிக்கச் சொல்ல மாட்டேன். முழு ஆட்டமும் உன்னை ஆட விடுகிறேன். மேஜர் பார்க்கட்டும், உன் கிடங்கு அதிகாரிகள் பார்க்கட்டும். எங்கள் மேலாளர் என்னைக் கேள்வி கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். கோப்பை போனால் அடுத்த வருஷம் வரும். உன் வேலை போனால் எங்கே தேடுவது?

நான் அடியோடு மாறிப் பேசுகிறேன் என்று உனக்குத் தோன்றும். முதல் கடிதத்தில் எவ்வளவு வீறாப்பாக எழுதினேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. அப்போது என் கண்ணுக்கு ஆட்டம் மட்டும்தான் தெரிந்தது.

அத்தையிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஏதோ மூக்கில் வேர்த்துவிட்டது. நேற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவ கோபம் அவ உசரத்துக்கு இருக்கும், ஆனா சட்டுனு இறங்கிடும்" என்றார். உன் பெயரை எடுத்து அவர் என்னோடு பேசியது பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சர்க்கரை கம்மி என்றார். பழையபடி ஆகிவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

அண்ணி

—

மார்ச் 30

அன்புள்ள அண்ணி,

'அன்புள்ள' போட்டுவிட்டேன், பார்த்தீர்களா.

அண்ணன் வந்திருந்தான். எங்கள் துறைமுக அலுவலகத்தின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. அவன் கம்பெனி அவனையே அனுப்பியது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. சரி செய்துவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு கேன்டீனில் என் எதிரில் உட்கார்ந்தான். எங்கள் கிடங்குச் சுமை தூக்குகிறவர்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். அவர்களிடம் என்னைப் பற்றிப் பெருமை அடிக்க ஆரம்பித்தான். அவன் எப்போது இவ்வளவு பேசினான்? நானே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு இவளைப் புடிச்சுப் புடிச்சு கோட்டுக்கு அனுப்பினாங்க. அனுப்புனது யாரு? என் சம்சாரம். நான் யார் பக்கம் பேச முடியும், சொல்லுங்க? ஆனா என் தங்கச்சி போடுறப்போ இத்தனை சத்தம் போட்டா அவ எப்படிப் போடுவா? எழுந்து நின்னேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், கூடைக்குப் பின்னாடி, எல்லாரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். கொஞ்சம் அமைதியா இருங்கய்யா, பொண்ணு போடட்டும்னு. ஒருத்தர் விடாம கேட்டாங்க. மொத்த அரங்கமும் கப்சிப்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "கவனிச்சியாம்மா?" என்று கேட்டான்.

அண்ணி, கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். அன்று அரங்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தது எனக்குப் பின்னால். நான் கூடையைப் பார்த்து நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் உதட்டில் விரல் வைத்த முகங்கள் மட்டும்தான். "கவனிச்சேண்ணா" என்றேன். "உதவியா இருந்துச்சா?" என்றான். "ரொம்ப" என்றேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இதற்காகத்தான் அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டீர்களா? என் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாததும் அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதானா? இல்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், அப்படியானால் யார் என்று நான் நோண்டியிருப்பேன். நோண்டியிருந்தால் அவன் காதுக்குப் போயிருக்கும். தன்னால்தான் தங்கை தவறவிட்டாள் என்று தெரிந்தால் அவன் தாங்கியிருக்க மாட்டான். அவனுக்காக என்னிடம் நீங்கள் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டீர்கள். நானும் தாராளமாகக் கொடுத்தேன்.

இப்போது இன்னொரு விஷயம். இறுதி ஆட்டத்தில் என்னைப் பிடிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காமல் விட்டீர்கள் என்றால் இனிமேல் ஜென்மத்துக்கும் உங்களோடு பேச மாட்டேன். இதை விளையாட்டாக எழுதவில்லை. உங்கள் தயவில் முழு ஆட்டமும் ஆடி, அதைப் பார்த்து மேஜர் பரிந்துரை எழுதினால், அடுத்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே வேறு ஒருத்தி என்னைப் பிடிப்பாள். நான் மறுபடியும் துண்டுக்குள் போவேன். என்னைப் பிடியுங்கள். அந்த டைப்பிஸ்ட் ஸாரிக்காவையே அனுப்புங்கள்.

நானும் சும்மா இல்லை. கிடங்கின் பின்சுவரில் சுமைதூக்குகிறவர்கள் ஒரு கூடை மாட்டித் தந்திருக்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் போடுகிறேன். முதலில் வண்டிகள் வந்துபோகும் சத்தத்தில் போட்டேன், விழுந்தது. பிறகு அண்ணன் வந்துபோனதிலிருந்து வண்டிகள் இல்லாத விடுமுறை நாளில் போய்ப் போடுகிறேன். பெட்டிகளுக்கு நடுவில் சுத்த அமைதி. கைக்கு இரண்டாவது இடம்தான் என்று வைத்துக்கொண்டு, முழங்காலிலிருந்து எழும்பிப் போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். விழுகிறதா என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எதிர் அணி.

உங்கள் கொக்கு

—

ஏப்ரல் 4

அன்புள்ள கொக்குக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அன்று ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல், "நான் இல்லேன்னா அவ ஒண்ணுகூடப் போட்டிருக்க மாட்டா" என்றார். பதினைந்து வருஷமாக ஒரு கல்யாண வீட்டில்கூட எழுந்து நின்று பேசாத மனுஷர், ஒரு அரங்கத்தையே கும்பிட்டிருக்கிறார். அவரிடம் நான் என்னவென்று சொல்வது? உன் கோபம் என் மேல் இருந்தால் ஒருநாள் ஆறிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. அவர் வருத்தம் ஆறாது. அதனால் என் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெரிய தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. இடையிடையே உன் மேல் எனக்கும் நன்றாகக் கோபம் வந்தது. எப்படி இவள் என்னைப் போய் இப்படி நினைக்கலாம் என்று.

மற்றது புரிந்தது. பிடிப்பேன். என்னுடைய மார்ச் கடிதத்தை மறந்துவிடு.

ஸாரிக்காவுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. பந்தைக் குறிவைத்துத் தட்ட வேண்டும், சும்மா கட்டிப்பிடித்தால் நடுவர் கடுமையான ஃபவுலாக எடுத்துப் பந்தையும் உங்களுக்கே கொடுத்துவிடுவார் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு அவள் கேட்டது: "ஸாரி சொல்லலாமா மேடம்?" சொல்லிக்கொள் என்றேன்.

எதிர் அணியின் பயிற்சியாளர்

—

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணி,

நேற்று எங்கள் துறைமுகக் கோர்ட்டில் கோப்பையோடு புகைப்படம் எடுக்கும்போது உங்களைத் தேடினேன். நீங்கள் உங்கள் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மேலாளர் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் கிட்டே வரவில்லை.

என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், நீங்கள் பார்க்காததை மட்டும்.

ஸாரிக்கா இறங்கியதும் மேஜர் எழுந்து என்னை வெளியே கூப்பிடக் கையைத் தூக்கினார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை. மறுபடி பந்து வந்தது, அவள் பிடித்தாள், விசில் ஊதியது. கோட்டுக்குப் போனேன். எங்கள் கிடங்கு ஆட்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அண்ணன் கூடைக்குப் பின்னாலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். எங்கள் ஆட்களோ, "யோவ், நம்ம பொண்ணுக்குக் கத்த வேண்டாமா?" என்று அவனோடு சண்டைக்குப் போனார்கள். அவன் விடவில்லை. ஒவ்வொருவராகக் கெஞ்சி உட்கார வைத்தான். சத்தம் அடங்கியது. என் மூச்சு எனக்குக் கேட்டது.

முதல் பந்து விளிம்பில் பட்டு வெளியே போனது. மறைக்க மாட்டேன், மரம் ஞாபகம் வந்தது. அப்புறம் அவனைப் பார்த்தேன். கூப்பிய கையை இறக்கவே இல்லை, கண்ணை மூடியிருந்தான். இந்த அமைதியில் என்னைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்காக. முழங்காலை மடக்கி எழும்பினேன். விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தவறவிட்டதும் உண்டு. ஆனால் விழுந்தது அதிகம். ஸாரிக்கா ஒரு தடவை "ஸாரிக்கா" என்று பிடித்து, நான் இரண்டையும் போட்டதும், கையால் வாயை மறைத்துக்கொண்டு "சூப்பர்க்கா" என்றாள். உங்களிடம் போட்டுக் கொடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

கடைசிக் கால்பகுதியில், இன்னும் ஆட்டம் மிச்சம் இருக்கும்போது, அவளை நீங்கள் வெளியே கூப்பிட்டீர்கள். அவளுக்கு இன்னும் ஃபவுல் பாக்கி இருந்தது. அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யாருமே என்னைப் பிடிக்க வரவில்லை. உங்கள் பெண்கள் கையை விரித்துக்கொண்டு, சாதாரணமாக, என்னை மறித்து ஆடினார்கள். எட்டவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம். மேஜர் முதுகில் தட்டி, பரிந்துரையை நாளைக்கே எழுதிவிடுகிறேன் என்றார்.

நேற்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, சந்தோஷத்தில் மட்டும் இல்லை. அவளை ஏன் உட்கார வைத்தீர்கள்? எங்கள் அணியில் எல்லோரும் அண்ணிப் பாசம் என்கிறார்கள். அம்மா போனில், "கடைசியிலே அவளுக்கு மனசு இளகிடுச்சு, பாரு" என்றாள். அண்ணனும் அப்படித்தான் நினைக்கிறான் போல.

என் மார்ச் கடிதத்துக்குப் பிறகும் அப்படிச் செய்தீர்களா? இரக்கமா, கணக்கா? உண்மையை எழுதுங்கள். இரக்கம் என்றால் அதையும் தாங்கிக்கொள்வேன். ஆனால் தெரிந்தாக வேண்டும்.

கொக்கு

—

ஏப்ரல் 26

என் கொக்கு,

மேலாளர் வேன் பக்கத்தில் நின்று கேட்டதும் இதே கேள்விதான், கொஞ்சம் மரியாதை குறைவாக. "உங்க நாத்தனார்னுதானே விட்டுட்டீங்க?" என்றார். திங்கட்கிழமை அவர் அறைக்கு வரச் சொன்னார். போனேன். அடுத்த பருவத்துக்கு வேறு பயிற்சியாளரைப் பார்க்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். நான் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். சாதாரணமாக ஒரு தடவை பந்து கிடைத்தால் ஒரு அணி சராசரியாக ஒரு புள்ளி எடுக்கும். உன்னைப் பிடித்தால் இரண்டு எறிதல். பிப்ரவரியில் அந்த இரண்டில் ஒன்றுகூட ஒழுங்காக விழவில்லை. அதனால் பிடிக்கப் பிடிக்க எங்களுக்கு லாபம். இப்போது இரண்டில் ஒன்றுக்கு மேலேயே விழுகிறது. அதற்குப் பிறகும் பிடித்தால் உங்களுக்கு நானே எடுத்துப் புள்ளி கொடுத்த மாதிரி. அது புரிந்த நிமிஷம்தான் அவளை உட்காரச் சொன்னேன். மறித்து ஆடினால் ஒருவேளை நீ தவறவிடலாம். அந்த ஒருவேளைதான் எங்களுக்கு மிச்சம் இருந்தது. நீ தவறவிடவில்லை.

மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "சரி, அடுத்த பருவமும் நீங்களே பாருங்க" என்றார். ஆனால் அவர் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அத்தை எனக்குச் சர்க்கரை தூக்கலாக டீ போட்டுத் தருகிறார். அக்கம்பக்கத்தில், என் மருமகள் பெரிய மனசு பண்ணிக் கோப்பையை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். உன் அண்ணன் நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். இவர்கள் யாரிடமும் நான் மறுத்துப் பேசவில்லை. பேசினாலும் தன்னடக்கம் என்பார்கள்.

நீயாவது உண்மையைத் தெரிந்துகொள். இரக்கம் துளிகூட இல்லை. நீ வரிசையாக இரண்டைத் தவறவிட்டிருந்தால் ஸாரிக்காவை மறுபடி எழுப்பியிருப்பேன். அவள் ஐந்தாவது ஃபவுலோடு வெளியே வந்திருந்தால் இன்னொருத்தியை அனுப்பியிருப்பேன். உன் வேலை, உன் அண்ணன், அத்தையின் ஸ்டூல் எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் அனுப்பியிருப்பேன். உன்னைப் பிடிப்பதால் இனி யாருக்கும் லாபம் இல்லை, கொக்கு. கோட்டில் நின்று நீ சம்பாதித்தது அது. நான் கொடுத்தது எதுவும் அதில் இல்லை.

இன்று சாப்பாட்டு இடைவேளையில் ஸாரிக்காவை உட்கார வைத்து அடுத்த பருவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கூடைக்குக் கீழே பந்து உன் கைக்கு வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது, அதனால் வருவதற்கு முன்னாலேயே, உனக்குப் பந்து கொடுக்கிறாளே அந்தக் குட்டைப் பெண், அவளை மடக்க வேண்டும். இடது பக்கம் திரும்பினால் அவளுக்குக் கை தடுமாறுகிறது. நீ கவனித்திருக்கிறாயா?

பதில் எழுதாதே. நீ எதிர் அணி.

அண்ணி